இரண்டாம் முறை கேட்காத ஊர்

கோயம்புத்தூரில் நான் படித்தது பூமிக்கடியில் கிடக்கும் தண்ணீரை மேலே கொண்டுவரும் வேலை. ஜெர்மனியில் எனக்கு வாய்த்தது, மேலே கிடக்கும் தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் வேலை. வடக்குக் கடற்கரையில், ஹூசும் நகரத்திலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரவேண்டிய ஒரு சின்ன ஊர். அங்கே நிலம் கடலைவிடத் தாழ்வு. கடல் உள்ளே வராமலிருக்க நெடுகிலும் மண்ணால் உயரமாக அணை கட்டி, அதன்மேல் புல் வளர்த்து, புல்லை மேய ஆடுகளை விட்டிருப்பார்கள். அணைக்கு உள்ளே பெய்கிற மழை வழிந்தோட வழியில்லாமல் வாய்க்கால்களில் நிற்கும். அதை இறைத்துக் கடலில் ஊற்ற ஒரு பம்பு வீடு இருந்தது. அதில் ஃபோர்மனுக்கு அடுத்த ஆள் நான். கடலுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறேன் என்று வீட்டுக்கு எழுதினால் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துபோவார்கள். அதனால் நீர்ப்பாசனத் துறை என்று எழுதி வைத்தேன்.

ஜெர்மனிக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். முதலில் ஸ்டுட்கார்ட்டில் பயிற்சி. கூடப் படித்த நண்பன் ஒருவனும் வந்திருந்தான். இன்னும் சில தமிழ்ப் பையன்கள் அங்கே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஒருவன் அறையில் கூடி, ரசம் என்ற பெயரில் எதையோ கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை சீட்டும் வம்பும். எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று அப்போது ஒரு நினைப்பு. வடக்கே பம்புக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது முதலில் எழுதிப் போட்டவன் நான்தான். தனிமை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவன் பிறகு அழக்கூடாது. நான் அழவில்லை, ஆனால் அந்த முதல் குளிர்காலத்தில் ரேடியோவில் மீன்பிடிப் படகுகளுக்குச் சொல்லும் காற்று நிலவரத்தை ஒரு வரி விடாமல் கேட்பேன். மனிதக் குரல் என்று ஒன்று வேண்டியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஃபோர்மன் கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிறீர்களா?" நான் வளர்ந்த முறைப்படி பதில் சொன்னேன். "ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம், வேண்டாம்." கேட்டவுடனே தலையாட்டினால் பறக்காவெட்டி என்று பெயர் வரும். நான் வேண்டாம் என்பேன், அவர் "அட, என்ன சிரமம், வாருங்கள்" என்பார், நான் இன்னும் கொஞ்சம் பிகு செய்துகொள்வேன், அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார், நான் போவேன். மனிதர்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் ஒரு வீட்டில் கை நனைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஃபோர்மன் "சரி" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

ஃபோர்மன் மட்டுமில்லை. ரொட்டிக்கடை அம்மாள் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், பரவாயில்லை வேண்டாம் என்றேன். பிப்ரவரியில் அணைக்கு வெளியே பழைய கிறிஸ்துமஸ் மரங்களையும் வைக்கோலையும் மலைபோல் குவித்துக் கொளுத்துவார்கள். நெருப்பு அடங்கியதும் ஊரே சத்திரத்துக்குப் போய்க் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கீரையும் தொத்திறைச்சியும் சாப்பிடும். எங்கள் மேஜையில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். உங்கள் குடும்பத்துக்கு நடுவில் நான் எதற்கு என்றேன். அவரும் சரி என்றார். அந்த ஊரில் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் கேட்பார்கள். ஒருவன் வேண்டாம் என்று சொன்னபின் மறுபடி கேட்பது அவன் சொல்லை மதிக்காத காரியம். இது எனக்குத் தெரியாது. மனசில் ஈரமில்லாத ஜனங்கள் என்று நான் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இந்தியர், தியானம் செய்கிறவர், தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர்கள் என்னைப் பற்றிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். இப்படி ஒருவர் மேல் ஒருவர் மரியாதை வைத்தே வருஷங்கள் ஓடின.

என்னைக் கேள்வி கேட்காமல் உள்ளே இழுத்தது ஒரு கேமராதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை இருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். உயரம், கத்தரித்த தலைமுடி, பேச்சு குறைவு. நான் அவரை மனசுக்குள் டீச்சர் என்றே கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான் வருகிறது. வாரத்தில் ஒரு மாலை வகுப்பறையில் பெரியவர்களுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தார். நான்கைந்து பேர் வருவார்கள். ஒரு நாள் பம்பு வீட்டுக்குள் நேராக நடந்து வந்து, பதினாறு மில்லிமீட்டர் சினிமா கேமரா ஒன்றை என் வேலை மேஜைமேல் வைத்தார். "சாவி கொடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. நீங்கள் எந்திரம் பார்க்கிறவர்தானே?" கேட்டது அவ்வளவுதான். வருகிறீர்களா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லித் தொலைத்திருப்பேன். இது ரிப்பேர். ரிப்பேருக்கு யாரும் பிகு செய்துகொள்வதில்லை.

சுருள்வில்லில் ஏதோ மணல் சிக்கியிருந்தது. கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கண்ணில் வைத்துக்கொண்டு பம்பு வீட்டைச் சுற்றி வந்தேன். ஒரு தடவை முழுதாகச் சாவி கொடுத்தால் அரை நிமிஷம் போல ஓடும், பிறகு முக்கி நிற்கும். அதற்குள் எதைப் பார்க்க வேண்டுமோ பார்த்துவிட வேண்டும். கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போன மாலை, வகுப்பில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

நான் எடுத்த முதல் படம் எங்கள் பம்பு வீடுதான். சுழலும் சக்கரம், அழுக்குத் தண்ணீர், ஃபோர்மனின் கை. ஃபிலிமைக் கழுவ ஹாம்பர்க்குக்குத் தபாலில் அனுப்புவோம். திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். எடுத்தது என்ன என்று தெரியாமல் அத்தனை நாள் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. எதையாவது எதிர்பார்க்க இருந்ததே. வந்ததும் டீச்சர் வீட்டுச் சமையலறை மேஜையில் வெட்டுவோம். நான் சுருளைப் பிடித்துக்கொள்வேன், அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கத்தரித்து, பசை தடவி அழுத்தி ஒட்டுவார். அந்தப் பசையின் நெடி அவர் ஸ்வெட்டரிலேயே இருக்கும். ஒருமுறை வெட்டியதைத் திரும்ப ஒட்டிப் பார்க்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. ஒவ்வோர் ஒட்டிலும் ஃபிலிமில் ஒரு கட்டம் வீணாகும் என்பார். நான் சோறு வடிக்கிற நேரமெல்லாம் யோசிப்பேன், அவர் ஒரு மூச்சில் முடிவு செய்துவிடுவார்.

பிறகு எங்களுக்குத் துணிச்சல் வந்தது. ஒரு இலையுதிர் காலம் முழுவதும் ஊர்க் கொடிகளில் காயும் துணிகளை மட்டும் எடுத்தோம். அங்கே அடிக்கிற காற்றுக்குச் சட்டைகள் கையை வீசிக்கொண்டு சண்டைக்கு வரும். சில துண்டுகளைத் தலைகீழாக ஒட்டினார் டீச்சர், சிலவற்றைப் பின்னோக்கி ஓட்டினார். கதை கிடையாது, பேச்சு கிடையாது, முகம் கூடக் கிடையாது. சத்திரத்துக் கூடத்தில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டுக் காட்டினோம். இருட்டில் ரொட்டிக்கடை அம்மாளின் குரல், "அது எங்கள் வீட்டு மேஜைவிரிப்பு" என்றது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் துணிகளை அடையாளம் கண்டார்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். ஃபோர்மன் எழுந்து, "இப்படியும் செய்யலாம்" என்றார். அந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது என்று டீச்சர் பிறகு சொன்னார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

கேமரா கையில் இருந்தால் யார் பக்கத்திலும் போய் நிற்கலாம் என்பதை நான் கண்டுகொண்டது அப்போதுதான். நெருப்புத் திருவிழாவிலும் நின்றேன், ரொட்டிக்கடை வாசலிலும் நின்றேன். ஆனால் சாவி தீர்ந்ததும் கேமரா ஒரு பெட்டி, நான் ஓர் ஆள். நெருப்பு அடங்கி எல்லோரும் சத்திரத்துக்குப் போனபின், கேமராவைத் தாங்கும் முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வருவேன். படத்தில் ஊரே இருக்கும். நான் மட்டும் எதிலும் இருக்கமாட்டேன். எடுக்கிறவன் எப்படி இருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்யும். சனி ஞாயிறுக்குச் செல்லாது.

டீச்சரோடு வெட்டும் மாலைகள்தான் எனக்கு மிச்சம் இருந்தவை. சுற்றி வளைப்பானேன், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. காதல்தான். அவர் கேக் வேண்டுமா என்று கேட்டால் உடனே வேண்டும் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லி, அவர் சாப்பிட நான் பார்த்துக்கொண்டிருந்தபின் வந்த ஞானம் அது. ஆனாலும் ஒருவரை ஒருவர் கடைசிவரை நீங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டோம். விரல்கள் ஒரே சுருளின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கும். அதற்குமேல் ஒன்றுமில்லை.

எங்கள் பெரிய படம் கடல் வற்றி நிறையும் படம். அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு தடவை கண்ணுக்கெட்டிய தூரம் வரை பின்வாங்கும், வெறும் சேறு கிடக்கும், மறுபடி வந்து மூடும். அணையின் அடிவாரத்தில் முக்காலியை ஊன்றி, கேமராவை ஓடவிடாமல், ஒவ்வொரு படமாகத் தட்டித் தட்டி எடுப்பது என்று திட்டம். ஒரு நாளின் கடல் ஒரு நிமிஷத்தில் வந்து போகும். நான் காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் குடுவையில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார், பேசாமல் பக்கத்தில் நின்றார், போனார், மறுபடி வந்தார். கழுவி வந்த ஃபிலிமைப் போட்டுப் பார்த்தால், சேற்றின்மேல் என் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து போகிறது. தொப்பி, முக்காலி, ஒரு கை. எடுக்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. கெட்டுப்போயிற்று என்றேன். டீச்சர் வெட்டமாட்டேன் என்றுவிட்டார். "இத்தனை வருஷத்தில் உங்களை இப்போதுதான் பார்க்க முடிகிறது" என்றார்.

அந்தப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மார்ச் மாலையில்தான் அது நடந்தது. தலையைத் தூக்காமல், கத்தரியைக் கீழே வைக்காமல் டீச்சர் சொன்னார். "மூனிக்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் எனக்குப் படம் வெட்டும் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூட வருஷம் முடிந்ததும் போகிறேன். பக்கத்தில் கார்ஹிங்கில் ஆராய்ச்சிக்கூடங்கள் இருக்கின்றன. பம்பு இல்லாத ஆராய்ச்சிக்கூடம் இருக்காது. நீங்களும் என்னோடு வருகிறீர்களா?"

வருகிறேன் என்பது தொண்டை வரை வந்துவிட்டது. வாய் சொன்னது வேறு. "ஐயோ, என்னால் உங்களுக்கு எதற்குச் சிரமம். வேண்டாம்."

கேக்குக்குப் பழகிய நாக்கு இதற்குப் பழகியிருக்கவில்லை. சின்ன விஷயத்தில் ஒரு மனிதன் எந்த ஊர்க்காரனாகவும் ஆகிவிடலாம். பெரிய விஷயம் வந்தால் வளர்த்த வீடுதான் முன்னால் வந்து பேசுகிறது. எங்கள் வீட்டில் ஒருவரை முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. இரண்டாம் தடவை கேட்பதுதான் பிரியத்துக்கு. நான் அந்த இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன். டீச்சர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி" என்றார். தூரிகையைப் பசையில் தோய்த்து அடுத்த ஒட்டைப் போட்டார்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். போனேன். வாசலில் நின்று, முக்காலியின் ஒரு கால் ஆடுகிறது, திருகு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு திருகு ஆடியது. அவர் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று பார்ப்பேன், தெரியாது. வருத்தம் இல்லையென்றால் கேட்டது வெறும் மரியாதைக்குத்தானே என்று கோபம் வரும். கூப்பிட்டவர் அவர், மறுத்தவன் நான், கோபமும் எனக்கே. ஏப்ரலும் மேயும் இந்த லட்சணத்தில் போயின.

ஜூன் மாதம் ஸ்டுட்கார்ட் நண்பன் என்னைப் பார்க்க வந்தான். மிளகாய்த் தூளும் பருப்பும் கொண்டுவந்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் சமைப்பது என்று முடிவாயிற்று. டீச்சரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். "வருகிறேன்" என்றார் உடனே. அத்தனை வருஷம் ஆகியும் அந்த உடனே எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரித்தான் போட்டது.

மூன்று பேரும் என் அறையில் சின்ன மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நண்பன் தட்டு காலியானதும் நான் சோற்றுக் கரண்டியை எடுத்தேன். அவன் தட்டின்மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டான். "போதும்டா, வயிறு ஃபுல்லு. ட்ரெயின்லயே நிறைய சாப்ட்டேன்."

"நேத்து சாப்ட்டது இன்னிக்கு வரைக்கும் இருக்குதாக்கும். கைய எடு."

"வேண்டாம்டா, ப்ளீஸ்."

"எடுன்னா எடு." கையைத் தள்ளிவிட்டுச் சோற்றைப் போட்டு ரசம் ஊற்றினேன். அவன் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.

டீச்சர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். தமிழ் தெரியாவிட்டாலும் மேஜையில் நடந்தது புரியாமல் போகுமா. "அவர் வேண்டாம் என்றாரே. ஏன் வற்புறுத்துகிறீர்கள்?" என்று ஜெர்மனில் என்னைக் கேட்டார்.

நண்பனுக்கு ஒரே சிரிப்பு. அவனே பதில் சொன்னான். "எங்கள் ஊரில் முதல் வேண்டாம் கணக்கில் சேராது. கேட்டவுடன் சரி என்றால் கௌரவக் குறைவு. வேண்டாம் என்போம், மறுபடி கேட்பார்கள், அப்புறம்தான் நிஜமான பதில். மறுபடி கேட்காவிட்டால் அவர்களுக்கு நம்மேல் அக்கறை இல்லை என்று அர்த்தம்." அவனுக்கு இது ஒரு வேடிக்கைக் கதை. இன்னும் இரண்டு உதாரணம் வேறு சொன்னான். சித்தி வீட்டில் வேண்டாம் என்று சொல்லி ஏழு பூரி சாப்பிட்ட கதை.

டீச்சர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பன் தூங்கப் போனதும் டீச்சரை வீடு வரை கொண்டுபோய் விட நடந்தேன். அங்கே ஜூனில் வெளிச்சம் போகவே போகாது. அணைமேல் ஆடுகள் நகர்ந்து வழி விட்டன. "மார்ச் மாதம் என் சமையலறையில் நீங்கள் சொன்னது எந்த வேண்டாம்?" என்று கேட்டார்.

"முதல் வேண்டாம்" என்றேன்.

"எங்களுக்கு இரண்டாம் தடவை கேட்க வராது" என்றார். "கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அம்மா என் அப்பாவைக்கூட ஒரு தடவைதான் கேட்டிருப்பார். ஒருவரைத் திரும்பக் கேட்டால் அவரை நெருக்குகிறோம் என்று தோன்றும். உங்களை நான் நெருக்கமாட்டேன்." வாசலில் கை கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பந்து என் பக்கத்தில் கிடந்தது. இனி கேட்க வேண்டியவன் நான். கூப்பிடப்பட வேண்டியவனே வாய்விட்டு, நான் வரட்டுமா என்று கேட்பதை எங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்பது என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு, எப்போது கேட்பது என்பதில் கோடைக்காலத்தைத் தீர்த்தேன். அவர் சாமான்களைக் கட்ட நானே பெட்டிகளுக்குக் கயிறு இறுக்கிக் கொடுத்தேன். கயிறு இறுக்கும்போது கேட்டிருக்கலாம். புத்தகங்களை அடுக்கும்போது கேட்டிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஹூசும் ரயில் நிலையத்தில் வந்து நின்றோம். ஹாம்பர்க் போகும் வண்டி நடைமேடையில் தயாராக இருந்தது. வழியனுப்ப வந்தது நான் மட்டும்தான். ஊர்க்காரர்கள் முந்தின நாளே கை கொடுத்து முடித்துவிட்டார்கள். வகுப்பின் கேமராவை டீச்சர் என்னிடம் ஒப்படைத்துவிட்டார், அதையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன், அவர் ரயிலேறுவதை எடுக்கலாமென்று. டீச்சர் அதை என் கையிலிருந்து வாங்கி, முக்காலியை விரித்து, தானே சாவி கொடுத்தார். "இந்தத் தடவை நீங்களும் உள்ளே வாருங்கள். நிழலாக இல்லாமல்" என்றார். விசையை அழுத்திப் பூட்டிவிட்டு வந்து என் எதிரில் நின்றார். கேமரா கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கேமராவுக்கு முன்னால் சும்மா நிற்க எனக்குத் தெரியாது. அந்தப் பதற்றத்தில்தான் அது வாயிலிருந்து வந்தது.

"நானும் வரட்டுமா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றார். "வேண்டாம்."

அந்த ஊரில் நான் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம். மறுபடி கேட்பது ஒருவரை நெருக்குவது. அவரே சொன்னது. கடைசி நாளிலாவது அவர்கள் முறைப்படி நடந்துகொள்வோம் என்று நினைத்தேன். "சரி" என்றேன். குனிந்து அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பி நடந்து, வண்டிக்குள் வைத்தேன். அவர் ஏறினார். வண்டி போயிற்று. முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்தச் சுருளை அனுப்பவே மனமில்லாமல் வைத்திருந்தேன். அனுப்பி, அது திரும்பி வந்தபோது செப்டம்பர் ஆகியிருந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில், தனியாக, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சுவரில் போட்டுப் பார்த்தேன். நடைமேடை. நாங்கள் இருவரும் எதிரெதிரே. நான் நன்றாகவே இல்லை, தொப்பி கோணல். என் உதடு அசைகிறது. அவர் உதடு அசைகிறது. நான் தலையாட்டுகிறேன், குனிகிறேன், பெட்டியை எடுத்துக்கொண்டு படத்தைவிட்டு வெளியே போகிறேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். சாவி இன்னும் தீர்ந்திருக்கவில்லை.

டீச்சர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நான் போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கிவைத்த சிரிப்பு, வெட்கமும் கொஞ்சம். நான் திரும்புவேன் என்று நிற்கிறார். அப்படி நிற்பவர்களை எனக்குத் தெரியாதா என்ன. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்தபடி இருப்பவர்களெல்லாம் அப்படித்தான் இருப்பார்கள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைகிறது. வாயைத் திறக்கிறார். அங்கே ஃபிலிம் நின்றுவிட்டது. திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேனோ, எந்தத் தடவையும் அந்த ஆள் திரும்பவில்லை.

அவர் எனக்காக எங்கள் முறையைப் பழகிக்கொண்டு வந்திருந்தார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று என் சொல்லையே எடுத்துச் சொன்னார், அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அறிவு கெட்டவனே என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன். விளக்கைப் போடாமல் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் தபால் நிலையத்துக்குப் போய்க் கூண்டுக்குள் நின்று மூனிக்குக்குப் போன் செய்தேன். அவர் அறை எடுத்திருந்த வீட்டில் யாரோ எடுத்து, கூப்பிடப் போனார்கள். படிகளில் அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. நலம் விசாரிக்கவில்லை நான். "நேற்றுதான் படம் பார்த்தேன்" என்றேன். "இரண்டாம் தடவை கேட்கிறேன். நான் வரட்டுமா?"

டீச்சர் பேசினார், நிதானமாக, கோபம் எதுவும் இல்லாமல்.

"வண்டி கிளம்பிய பிறகும்கூட, நீங்கள் வேறு பெட்டியில் ஏறியிருப்பீர்கள் என்று நினைத்தேன். உங்கள் நண்பர் அப்படித்தானே சொன்னார், நீங்கள் விடமாட்டீர்கள் என்று. ஹாம்பர்க்கில் இறங்கியதும் கடைசிப் பெட்டி வரை நடந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். அதற்குள் மூனிக் வண்டி வந்துவிட்டது."

"நான் இப்போதே கிளம்பி வருகிறேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றார் டீச்சர். நான் எதுவும் சொல்வதற்குள் அவரே சேர்த்துச் சொன்னார். "இது எங்கள் ஊர் வேண்டாம்."